நாகபூசணி அக்கா தோய்ந்த நாள்

குவேக்கர்ஸ் ஹில்லில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற நாகபூசணி அக்கா, காணாமற்போன எதையும் கண்டுபிடித்துவிடுவார். அவர் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் யாருடைய பொய்ப்பல் தொலைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன கிழமை ஒன்றைப் பூச்சாடிக்குள் இருந்து எடுத்தார். தம்பி சுபாங்கனை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா ஊரிலிருந்து அகதியாகப் போட்டில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். அடுத்த வருசம், 2012இல், தம்பி ஏறிய போட் எங்கேயும் வந்து சேரவில்லை. ஆளும் இல்லை, உடலும் இல்லை, ஒரு செய்தியும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு இழவுச் செய்தி காதில் விழுந்தால் உடுத்த உடுப்போடு தலையில் தண்ணீர் வார்த்துத் தோய வேண்டும். செத்தவீட்டுக்கோ சுடலைக்கோ போய் வந்தாலும் அப்படித்தான், தோயாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. தம்பிக்காக அக்கா தோயவே இல்லை. சொந்தக்காரர் சொல்லிப் பார்த்தார்கள். தேதி தெரியாவிட்டால் அமாவாசையில் ஈமக்கடமை செய்யலாம் என்று ஐயரும் சொல்லிப் பார்த்தார்.

"எந்த இடத்தைப் பார்த்து அழுறது? இடத்தைக் காட்டுங்கோ, தோயிறன்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அவர் எந்தச் செத்தவீட்டுக்கும் வருவதில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். சொன்னவர்களில் ஒருவருக்காவது கடலுக்குள் போன தம்பி இருக்கிறானா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும்.

எனக்கும் என் மனுசன் கபிலனுக்கும் சனிக்கிழமைகளில் ஒரு பைத்தியம் உண்டு. புதையல் தேடுவது. முன்பின் தெரியாத யாரோ ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்துவிட்டு, போனில் அதற்கென்றிருக்கிற செயலியில் குறிப்புப் போடுவார். நாங்கள் தேடிப்பிடித்து, திறந்து பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே இருப்பது சாவிக்கொத்தும் பிளாஸ்டிக் கங்காருவும்தான். ஆனால் அக்கா எங்களோடு வரத் தொடங்கிய பிறகு ஒரு பெட்டியும் தப்பியதில்லை. மூடியைத் திறக்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

போன ஜூலைக் குளிர்காலத்தில் எங்களுக்கு வாய்த்த பெட்டி ஹோக்ஸ்பரி ஆற்றுப் பக்கம், முதன்முதலில் குடியேறிய வெள்ளைக்காரரைப் புதைத்த பழைய சேமக்காலை ஒன்றில் இருந்தது.

"செத்தவீட்டுக்கே வராதவா சேமக்காலைக்கு வருவாவோ? விடும்" என்றார் கபிலன்.

நான் அக்காவிடம் இடத்தைச் சொல்லி, குறிப்பையும் தமிழில் சொன்னேன். 'இங்கே இல்லாத ஒருவரின் பின்னால் தேடுங்கள்.'

அக்கா அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். "நானும் வாறன்" என்றார்.

சேமக்காலை வாசல் படலையடியில் அக்கா நின்று சப்பாத்தைக் கழற்றினார்.

"கோயிலே அக்கா இது?" என்றேன்.

"ஆக்கள் படுத்திருக்கினம். சப்பாத்தோட மிதிக்கிறதே?"

இரண்டடி வைக்கவில்லை, புல்லில் கிடந்த, நெருஞ்சி மாதிரியான பிண்டி முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஒற்றைக் காலில் நின்று பிடுங்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடேயே நடந்தார். சாய்ந்த கற்களில் பாசி பிடித்திருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்து ஒரே மாதத்தில் செத்த குழந்தைகளின் பேர்கள் ஒரு கல்லில் வரிசையாக இருந்தன. என் குரல் தானாகவே தாழ்ந்தது.

"செத்தவை எல்லாரும் இங்கதானே கிடக்கினம். இல்லாத ஆள் எங்கை?" என்று கபிலன் போனும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வேலியோரம் ஒரு பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியில் அக்கா அசையாமல் நின்றார். போய்ப் பார்த்தேன். தோமஸ், 1871இல் கடலில் போனவன், உடல் கிடைக்கவில்லை, இந்தக் கல்லை வைத்தது அவன் அக்கா எலன் என்று எழுதியிருந்ததை வாசித்து அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். பக்கத்துக் கல்லுக்குக் கீழே எலனே படுத்திருந்தாள்.

"அப்ப இதுக்குள்ள ஆள் இல்லையோ?"

"இல்லை அக்கா."

"தேதியும் போடேல்லை."

"ஓம், வருசம் மட்டும்தான்."

நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு, எலனுக்கு ஒரு வகையிலும் சொந்தமில்லாத மூன்று தமிழர் வந்து, அவளுடைய தம்பியின் பேரை வாய்விட்டுப் படித்துக்கொண்டு நிற்கிறோம். கீழே வெறும் மண். ஆனாலும் அந்த இடத்தில் கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கல்லுக்குப் பின்னால் மரவேர்ப் பொந்துக்குள் பெட்டி இருந்தது. கபிலன் எடுத்து நீட்டினார். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த யூக்கலிப்டஸ் பூவொன்றைப் பொறுக்கிக் கல்லடியில் வைத்துவிட்டு, எலனின் பேரைக் கையால் தடவினார்.

திரும்பி வருகையில் கபிலன் பகிடி விட்டார். "பயப்பிடாதேங்கோ அக்கா. உந்தப் பழைய பிரேதங்களுக்குத் துடக்கு தீட்டு ஒண்டும் இல்லை. தோயத் தேவையில்லை."

தன் வீட்டடியில் காரிலிருந்து இறங்கிய அக்கா வாசலுக்குப் போகவில்லை. வீட்டின் பக்கவாட்டில் இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஹோஸ் பைப்பை எடுத்து, சுவெட்டரும் சப்பாத்துமாகத் தலைக்கு மேலே பிடித்தார். அந்தக் குளிரில் அவர் பல் கிட்டியது. ஈரக் கையிலிருந்து பைப் நழுவியது.

நான் ஓடினேன். "என்ன அக்கா இது? அவை எங்கட ஆக்கள் இல்லையே!"

"தோமசுக்கு இல்லை, நிரூபா" என்றார். "என்ரை தம்பிக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. நான் பைப்பை எடுத்து அவர் தலையில் வார்த்தேன்.