பாயசத்துக்குப் பக்கத்தில் மாத்திரை

யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையை வீடு வீடாகக் கொடுப்பது என் வேலை. அரியாங்குப்பத்தில் எல்லாரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, "சாப்ட்டுட்டுப் போட்டுக்கிறேம்மா" என்பார்கள். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று சொன்னவளே நான்தான். கொடுத்துவிட்டு நகர்வேன். மறுநாள் அந்த மாத்திரைகள் சாக்கடையோரம் கிடக்கும்.

சிக்குன்குனியா வருவதற்கு முந்தைய வருடம், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் முன்னாள் சிப்பாய், ஊர்ப்பேச்சில் ‘சொல்தா’, ஒருவர் வீட்டில் நுழைந்தேன். உள்ளே நிச்சயதார்த்தப் பந்தி. சங்கடத்தோடு திரும்பியவளைப் பெண்ணின் அத்தை நிறுத்தினார்.

"சாப்ட்டுட்டுதான போடணும்? எல்லாரும் சாப்புட்றாங்க. வெச்சிகினே வா."

கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் விட்டுவிட்டு, இலைகளில் பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனேன். மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டென்று எழுந்தார்.

"நல்ல காரியத்துல மாத்திரையா? எங்களைப் பாத்தா நோயாளி மாதிரி இருக்குதா?"

என்னால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று மாத்திரை டப்பாவை மூடினேன். அத்தை புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கினார். இடது கால் தூண்போல வீங்கியிருந்தது.

"இந்தக் காலால எனக்கு நல்ல காரியமே நடக்கல. உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு நடக்கட்டும்."

பெரியப்பா உட்கார்ந்தார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

கடைசிப் பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். பாயசத்துக்குப் பக்கத்தில் மாத்திரை. நான் விழுங்கும்வரை அத்தை நகரவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் மாத்திரையை முதலில் நீட்டியதில்லை. "சாப்ட்டாச்சா?" என்று கேட்பேன். ஒரு சொம்புத் தண்ணீர் வந்து, அவர்கள் விழுங்கும்வரை அந்த அத்தையைப் போலவே நிற்பேன்.