இந்த வண்டியிலேயே வருகிறோம்

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில், அப்பாவின் அம்பாசிடர் கார் பல வருஷம் நின்றது. ஆம்பூர் ரயில் நிலையத்து ஸ்டாண்டில் அவர் வாடகைக்கு ஓட்டிய வண்டி. அவர் காலமான பிறகு தார்ப்பாய் போட்டு மூடினோம். தார்ப்பாய் கிழிந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் பின் சீட்டில் முட்டையிட்டன. டயர்கள் மண்ணில் அமுங்கிப்போயின. காயலான் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். நான் கொடுக்கவில்லை. அது பெருமாளுக்குச் சொல்லி வைத்த வண்டி.

தம்பி சின்னப் பையனாக இருந்தபோது விஷக்காய்ச்சல் வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்பா வெளியே மரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டியின் பானெட் மேல் கை வைத்துக்கொண்டு வேண்டிக்கொண்டதை, பக்கத்தில் நின்று நான் கேட்டேன்.

“பெருமாளே, புள்ள பொழைச்சி வரட்டும். ரெண்டு பசங்களையும் இந்த வண்டியிலயே இட்டுக்கினு வந்து மொட்டை போட்றேன்.”

பெருமாள் தம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள்தான் போகவில்லை. புரட்டாசி வந்தால் சனிக்கிழமை தவறாமல் அப்பா திருப்பதிக்குப் போனார். ஆனால் வண்டி முழுக்க வாடகைக்கு வந்தவர்கள் இருப்பார்கள். நானும் தம்பியும் தெருமுனை வரை கூடவே ஓடுவோம். “அடுத்த சனிக்கெழமைடா” என்று கையை வெளியே நீட்டி ஆட்டுவார். அடுத்த சனிக்கிழமைக்கும் யாராவது வண்டி சொல்லியிருப்பார்கள். அந்த வாடகையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் எட்டாவதோடு நின்று ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சேர்ந்தேன். தம்பி தோல் பதனிடும் படிப்பு படித்து, எத்தியோப்பியாவில் ஒரு டேனரிக்கு வேலைக்குப் போனான். எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். முதலில் லீவுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தான். கல்யாணமாகி மனைவி பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போன பிறகு வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்தாலாவது சமாதானம் பேசிக் கூப்பிடலாம். “வர்றேண்ணா, இந்த சீசன் முடியட்டும்” என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவன் முகத்தைப் பார்ப்பேன். நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. கொடுப்பதற்கு முடி மிச்சம் இருக்கும்போதே வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

நானும் என் மனைவியும் பஸ்ஸில் எத்தனையோ தடவை திருப்பதி போய்வந்தோம். சன்னதியில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வேறொன்றும் கேட்க வராது. ‘இன்னும் அவனை அழைத்து வரவில்லை சாமி’ என்பது மட்டும்தான் வரும். போன வருஷம் அப்படி நிற்கும்போது மனசில் ஒன்று பட்டது. வண்டி கோழிக்கு வீடாகக் கிடக்கிறது, நான் தம்பியை எதில் வரச் சொல்கிறேன்? வண்டி தயாராக நின்றால் அவன் வருவான். கேட்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாக இருக்கலாம். எனக்கு அது உத்தரவு மாதிரி இருந்தது.

பைபாஸில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் பாய் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா தோஸ்து, காருன்னு சொல்லி இட்டாந்துட்டு கோழிக்கூண்டைக் காட்றியே!”

“ஓடுமா பாய்?”

“ஓடும், ஓடும். மொதல்ல பாசஞ்சருங்களை இறக்கு.” கோழிகளைக் காட்டினார்.

அவர் கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு, எனக்கு ஞாயிறு. இருந்தாலும் என் ஞாயிறுகளில் கடையை ஆள் பார்க்க விட்டுவிட்டு வந்துவிடுவார். ஜாமாகிப்போன இன்ஜினில் பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். வாராவாரம் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்ப்போம். கல் மாதிரி இருக்கும். ஒரு காலையில் அது முனகிக்கொண்டு கொஞ்சம் அசைந்தது. அவர் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், நான் “கோவிந்தா” என்றேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்ததில், வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

துரு தின்ற தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். எலி கடித்த ஒயர்களையெல்லாம் மாற்றினோம். பட்டி பார்த்து, அதே பழைய கிரீம் கலர் அடித்தோம். ஸ்டீயரிங்குக்கு எதிரே அப்பா ஒட்டியிருந்த பெருமாள் படத்தில் நாமம் மட்டும்தான் மிச்சம். அதை அப்படியே விட்டோம்.

சீட்டு வேலையை மட்டும் நான் வெளியில் கொடுக்கவில்லை. ஆம்பூரில் இருந்துகொண்டு, வாழ்நாளெல்லாம் தோல் வெட்டிவிட்டு, அப்பா வண்டிக்கு ரெக்ஸின் போடுவேனா? பஜாரில் சாக்லேட் கலரில் நல்ல மென்மையான தோலாகப் பொறுக்கி எடுத்தேன். நான் வெட்டினேன். என் மனைவி கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். ஜாப்வொர்க்குக்காக வீட்டில் போட்டிருந்த மெஷினில் அவள் தைத்தாள். இரட்டைத் தையல், ஒரு இடத்திலும் பிசகவில்லை.

அந்த ஞாயிறு போனில் தம்பிக்குக் காட்டினேன். அதுவரை இன்ஜினைக் காட்டினால் “சூப்பர்ண்ணா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறவன், அன்றைக்குத் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டான்.

“ண்ணா, இன்னும் கிட்ட காட்டு. மடிப்புல வெடிக்கவே இல்லையே! தையல் அண்ணியா?”

“பின்ன? உங்க அண்ணியத் தவிர யாரு?”

“அதுல ஒக்காரணும் போல இருக்குதுண்ணா. புரட்டாசிக்கு லீவு கேக்கறேன்.”

இத்தனை வருஷத்தில் அவன் ஒரு மாசத்தின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வண்டிக்குப் பூஜை போட்டோம். பாயும் வந்து மதிலோரமாக நின்றார். பூசணிக்காய் சுற்றி உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. என் மனைவி தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டோடு வந்து பின் கதவைத் திறந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தவள் வெளியே எடுத்துவிட்டாள்.

“இன்னாங்க, இது தோலு.”

“தோல்தான். நீதான தெச்ச?”

“தெச்சேன். எதுல போறோம்னு யோசிக்காம தெச்சிட்டேன். இடுப்பு பெல்ட்டைக் கழட்டி வெச்சிட்டுத்தான கோயிலுக்குள்ள போறீங்க? மொட்டை போடப் போற வண்டில, இதும்மேல ஒக்காந்துக்கினா போறது?”

பாய் வாய்விட்டுச் சிரித்தார். “புருஷன் வெட்றான், பொண்டாட்டி தெக்கிறா, ரெண்டு பேருக்கும் இப்பதான் ஞாபகம் வருதா!” என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கம்பெனியில் எங்களுக்கு அது சதுர அடி, கிரேடு, கலர். ‘கௌ’ என்போமே தவிர ஒரு நாளும் பசு என்று சொன்னதில்லை. வேலை விட்டு வந்து குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவோம். அந்தக் குளியலோடு கம்பெனி ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். தோலை நான் தாழ்வாகச் சொல்லவில்லை, எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் இரண்டையும் ஒரே சீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் பெருமையாக நின்றிருக்கிறோம்.

“மேல வேட்டிய விரிச்சிட்டா?” என்று கேட்டேன்.

“பெருமாளுக்கு வேட்டிக்கு அடியில தெரியாதா?”

பிரிப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் தம்பி வாயிலிருந்து புரட்டாசி என்ற வார்த்தையைக் கொண்டுவந்ததே அந்தத் தோல்தான். அதை எடுத்துவிட்டால் அவன் வரவும் போய்விடுமோ என்று பயந்தேன். அடுத்த ஞாயிறு வரை வண்டிக் கதவையே திறக்கவில்லை. பிறகு போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. “ண்ணா, புரட்டாசி சனிக்கெழமைல அப்பா எல்லாரு செருப்பையும் டிக்கில போடச் சொல்வாரே. வெறுங்காலோடதான ஏத்துவாரு. நாமகூட வெறுங்கால்ல பின்னாடி ஓடுவோம். மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். அந்தத் தெருவிலேயே இருக்கிற நான் மறந்துவிட்டேன். கடல் தாண்டி இருக்கிறவன் ஞாபகம் வைத்திருக்கிறான்.

“பிரிச்சிடுண்ணா. துணி போடு. அப்பா போட்டிருந்த மாதிரி நீலக் கோடு போட்டது.”

பிரித்தேன். பஜாரில் அலைந்து நீலக் கோடு போட்ட துணி வாங்கி வந்தோம். அதையும் அவளே தைத்தாள். புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமைக்கு முன்பே அவன் போன் வந்தது. ஏதோ பெரிய ஆர்டராம், லீவு கொடுக்கவில்லையாம். “தை மாசம் பாக்கறேண்ணா.” “சரிடா, ஒடம்ப பாத்துக்கோ” என்றேன்.

“நாம ரெண்டு பேரு மட்டும் போய்ட்டு வந்துடலாமா?” என்று என் மனைவி கேட்டாள்.

“ரெண்டு பசங்களையும்னு அப்பா சொல்லியிருக்காரும்மா.”



பிரித்த தோல் வீட்டில் சுருட்டிக் கிடந்தது. ஒரு ஞாயிறு பேச்சோடு பேச்சாக, “உன் கால் அளவு இன்னாடா இப்போ?” என்று கேட்டேன்.

“எட்டுண்ணா. ஏன்?”

“சும்மாதான்.”

சின்ன வயசில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு நடப்பான். இப்போது எனக்கும் எட்டுதான். ஒரே அட்டையை அளவாக வைத்து, அந்தத் தோலில் இரண்டு ஜோடிச் செருப்புக்கு வெட்டினேன்.

பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வண்டியை எடுக்கிறேன். என் செருப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து, பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புகிறேன். பக்கத்து சீட்டில் நீலக் கோடு கசங்காமல் இருக்கிறது. என் ஜோடி தேய ஆரம்பித்துவிட்டது. அவன் ஜோடியில் இன்னும் தூசி படவில்லை. திருப்பத்தில் வண்டி சாயும்போது அது டிக்கியில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்து இடிக்கிற சத்தம் முன்னால் வரைக்கும் கேட்கும்.