இலவச இரட்சிப்புக்கு நாற்பது நாள்

எங்கள் உபதேசியாரிடம் இரண்டு வேதம் இருந்தது. ஒன்று ஞாயிற்றுக்கிழமை வேதம். அதில் இரட்சிப்பு முழுக்க முழுக்க கிருபை, சுத்த இனாம், மனிதன் தலைகீழாக நின்றாலும் சம்பாதிக்க முடியாது. இன்னொன்று திங்கள் முதல் சனி வரைக்கும். அதில் ஜெபவீட்டைக் கூட்ட வேண்டும், தரையைக் கழுவ வேண்டும், வெள்ளிக்கிழமை வயிற்றைக் காயப்போட வேண்டும். இதில் எதை விட்டாலும் அந்த இனாம் கைக்கு வராது.

ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரப் பாதிரியாரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, நாங்கள் குடியிருந்த காஜா பெராங் வட்டாரத்துச் சின்னத் தமிழ்ச் சபைக்கு அவர்தான் எல்லாம். காவடி எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால், "பாவம், சொந்தக் கிரியையால மோட்சம் தேடுற ஜனங்க" என்று உச்சுக்கொட்டுவார். கொட்டிய வாயோடு எங்கள் பக்கம் திரும்பி, விடியற்கால ஜெபத்துக்கு யார் யார் வரவில்லை என்று விசாரிப்பார். சமைக்கும்போதெல்லாம் பெண்கள் சபைக்கென்று ஒரு பிடி தனிப் பானையில் எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் உண்டல்லவா, அரிசியே கண்ணில் படாத அந்தக் காலத்திலும் அந்தப் பானை அவர் வீட்டுக்குத் தவறாமல் போனது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு போட்டாலும் ஆட்சேபம் சொல்ல மாட்டார். அந்த மட்டில் தாராள மனசுதான். கடலோரத்தில் பண்டார் ஹிலிர் பக்கம் போனால், காவலுக்கு நிற்கும் ஜப்பான்காரனுக்கு அவர் குனிகிற குனிவைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பக்தியை ஜெபவீட்டில் நான் கண்டதில்லை.

என் வீட்டுக்காரர் ரோட்டு வேலை செய்தவர். ஒருநாள் வேலை நடந்த இடத்திலேயே லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். அதே லோரியில் போன இன்னொருவரின் மனைவி எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கைக்குழந்தைக்காரி, என்னைவிடச் சின்னவள், எங்கள் சபைதான். மூன்று மாதம் எட்டு மாதமானது. அங்கே ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்ற பேச்சு மட்டும் வந்தது. புருஷன் உயிரோடு வந்தால் போதும், எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆசையே கிடையாது. அதைச் சொல்லி ஜெபவீட்டில் அழுதோம். உபதேசியாருக்கு நாங்கள் வசமாகக் கிடைத்தோம்.

மறுநாள் அவர் என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"விசுவாசம் மட்டும் போதாதும்மா. கிரியை வேணும். உன் புருஷனுக்காக நாளையிலருந்து கிரியையை ஆரம்பிச்சிடு."

பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். செத்தவர்களுக்குச் செய்கிற கருமக்கிரியையைத் தவிர வேறு கிரியை எதுவும் அவருக்குத் தெரியாது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பமும் கையுமாக வந்து நின்றார்.

"யோவ், உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கிரியை பண்ணச் சொல்றியே, நீயெல்லாம் சாமி பேரச் சொல்ற ஆளா?"

உபதேசியார் இரண்டு அடி பின்வாங்கினார். எங்கள் வேதத்தில் கிரியை என்றால் நற்செயல், உபவாசம், ஊழியம் என்று வியர்க்க வியர்க்க விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி, அதெல்லாம் செஞ்சா ஆளு வந்துருமா?"

"அது கர்த்தரோட சித்தம்."

"அவரு சித்தம்னா, இந்தப் புள்ளைய நீ ஏன்யா பட்டினி போடுற?"

வேதசாஸ்திரம் படித்தவன்கூட இதற்கு மேல் என்ன கேட்டுவிட முடியும்? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "எங்க வேதம் உங்களுக்குப் புரியாதுக்கா" என்று அவரை அனுப்பிவைத்தேன். என்னைத்தான் அந்தத் துடைப்பத்தால் நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் நாற்பது நாள் என்று விதித்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கூடாது. ஊரே பட்டினி கிடந்த காலத்தில் உபவாசம்! தின்ன ஏதாவது இருந்தால்தானே அதைத் தின்னாமல் இருப்பதற்கு. சாயங்காலம் இரண்டு பேரும் ஜெபவீட்டுத் தரையைக் கழுவுவோம். அவளுக்குத் தலை சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடி குனிவாள். பால் வற்றிப்போய் குழந்தை ஓயாமல் கத்தியது.

"மத்தியானம் ஒரு வாய் கஞ்சியாவது குடி புள்ள" என்றேன்.

"நடுவுல விட்டா அவருக்கு ஏதாச்சும் ஆயிரும்க்கா" என்றாள்.

உபதேசியார் சாப்பிட்ட களையோடு வருவார். மூலையில் அழுக்கு இருக்கிறது என்று விரலால் காட்டிவிட்டுப் போவார்.

நாற்பது நாள் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஜப்பான்காரன் தோற்றுச் சில வாரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு, குளிர்காய்ச்சலில் பல் தந்தியடிக்க வந்தார். அவள் புருஷன் வரவில்லை. வாந்திபேதியில் போய்விட்டார் என்று என் வீட்டுக்காரர்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் என்னைச் சாட்சி சொல்ல எழுப்பினார். "சபையாரே, இந்தச் சகோதரியோட உபவாசத்தின் பலனப் பாருங்க!" சபை தோத்திரம் தோத்திரம் என்றது. அவள் கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டா இதைச் சொல்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, நான் உபவாசமே ஒழுங்கா இருக்கல. பாதி நாளு மத்தியானத்துல கதவச் சாத்திக்கிட்டு மரவள்ளி தின்னேன். பசி தாங்கல" என்றேன்.

மனுஷன் முகம் செத்துப்போகும் என்று நினைத்தேன். ஒரு மூச்சு இழுத்தார், அவ்வளவுதான்.

"அல்லேலூயா! பாத்தீங்களா? தகுதியில்லாதவளுக்கும் குடுத்தாரே, இதுதான் கிருபை!"

சபை மறுபடியும் தோத்திரம் சொன்னது. முன்னைவிடச் சத்தமாகவே சொன்னது.

கடைசி வரிசையில் அவள் எழுந்து நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

"நான் நாப்பது நாளும் இருந்தேன் ஐயா. ஒரு நாளுகூட விடல. எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தோம். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டிய நான், என் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாச் சரணத்தையும் பாடி முடித்தேன்.