பதினொரு மணிக்கு நிற்கும் சர்வர்

இதை எழுத எனக்குத் தகுதி கிடையாது. பிளஸ் டூவோடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், சர்வருக்குள்ளே என்ன நடக்கிறது என்று எழுத வந்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடம் பேக்கிங்கில் நின்றே வேலை. காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரும் அங்கேதான் இருந்தது. எல்லா செக்ஷன்காரர்களும் அவரவர் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து உற்பத்தி, சோதனை, ஸ்டாக் எல்லாவற்றையும் அதில் ஏற்றுவார்கள். அது நின்றுபோனால் ரீஸ்டார்ட் செய்வது என் பொறுப்பு.

தினமும் பதினொரு மணிவாக்கில் நின்றது. "அக்கா, வட்டம் சுத்திக்கிட்டே இருக்குக்கா" என்று போன் வரும். ரீஸ்டார்ட் செய்வேன்.

ஒரு திங்கட்கிழமை, தரப் பரிசோதனையில் இருக்கும் பெண் காலையிலிருந்து அளந்து ஏற்றிய நாற்பது வரியும் அழிந்துபோனது. கடைசியில் சேமிக்கும் வரை அதெல்லாம் சர்வரின் தற்காலிக நினைவில்தான் இருக்குமாம். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். எனக்கு அது தெரியாது.

அவள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். "அந்த ஒத்தப் பட்டன அமுக்குறதத் தவிர ஒங்களுக்கு வேற என்னக்கா தெரியும்?"

விஷயம் முதலாளியிடம் போனது. "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பழையபடி நோட்டுதான். நீங்களும் பேக்கிங்குக்கே போயிருங்கம்மா" என்றார்.

அதன்பிறகு இருப்புக் கொள்ளவில்லை. சாஃப்ட்வேர் எழுதியவருக்குப் போன் செய்தேன். அவர் அவசரத்தில் இருந்தார். "சர்வருக்குள்ள வேலையாளு மாதிரி எட்டு ஒர்க்கர் இருக்குக்கா. வர்ற வேலைய ஒவ்வொண்ணும் ஒண்ணு எடுக்கும். எட்டும் மாட்டிக்கிட்டா மத்ததெல்லாம் வெளிய நிக்கும். நடக்குறதெல்லாம் வரிவரியா பதிவாகுற 'லாக்'னு ஒண்ணு இருக்கும், அதப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

எட்டும் எதில் மாட்டுகின்றன? சோறு வடிக்கும்போதும் அதே யோசனை, திருமங்கலம் பஸ்ஸிலும் அதே யோசனை. ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கருப்புத் திரையில் ஓடும் அந்த லாக் வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். யார் கேட்டது, எந்த ஒர்க்கர் எடுத்தது, எப்போது முடித்தது எல்லாம் அதில் இருந்தது. மற்ற வேலைகள் கண் இமைப்பதற்குள் முடிந்தன. வியாழக்கிழமை பதினொன்றுக்கு ஒரு வரி மட்டும் முடியாமல் நின்றது. ஒரு வருட ஸ்டாக் ரிப்போர்ட். உடனே அதே வரி மறுபடி வந்தது. மறுபடி. எட்டுத் தடவை. எட்டும் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரிலிருந்து.

லாரியில் ஏற்றும் முன் தினமும் பதினொன்றுக்கு அவர் எடுக்கும் அந்த ரிப்போர்ட், தனியாக ஓடினாலே வர மூன்று நிமிடமாகும். மனிதர் பொறுக்காமல் மவுஸைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தட்டும் புதிதாக ஓர் ஒர்க்கரை இழுக்கிறது. முந்தையதை அவர் மறந்துவிட்டாலும், அதை எடுத்த ஒர்க்கர் விடாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் அவரிடம் யார் சொல்வது? லாரிக்காரர்களே அவருக்குப் பயப்படுவார்கள். வெள்ளிக்கிழமை காலை இரண்டு தடவை அவர் அறை வரை போய், வாசலில் இருந்த கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போனேன்.

"அண்ணே, ஸ்டாக் ரிப்போர்ட்டுக்கு ஒரு தடவ மட்டும் அமுக்குங்கண்ணே."

"வரலைன்னா?"

"வரும்ணே. அமுக்கிட்டுக் கைய எடுத்துருங்க."

"சர்வரு நிக்கிறதுக்கு நாந்தான் காரணமா? இம்புட்டு நாளா அத அமத்தி அமத்திப் போட்டது யாரு? நீதான?"

அங்கே நின்ற லோடுமேன் சிரித்தார். "அண்ணன் வண்டி ஹார்ன்லருந்தே கைய எடுக்க மாட்டாரு. மவுஸ்லருந்தா எடுக்கப் போறாரு?"

"போடா டேய்" என்றார் சூப்பர்வைசர். ஒரு முறை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். திரையில் வட்டம் சுற்றியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவர் கை மவுஸ் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே!"

கத்திவிட்டேன். அந்தக் கம்பெனியில் என் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் மூன்று பேரும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரிப்போர்ட் வந்தது.

"ம்" என்றார். பிரிண்ட் எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் பதினொன்றுக்குப் போன் வரவில்லை. பதினொன்றே காலுக்கு நானே தரப் பரிசோதனைக்குப் போன் செய்து, ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றாள் அந்தப் பெண். மாலையில் முதலாளி, ஸ்டோரிலேயே இருக்கும்படி ஆள் விட்டுச் சொன்னார்.