சுகந்தி சொல்லாத முடிவு

சுகந்தி காலமான செய்தியை அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னபோது நான் ரொறன்ரோவுக்கு அருகே யூனியன்வில்லில் கார் ரயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கடைக்காரர் என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அவரை மேலாளராகத் தெரியும். எனக்கு அவர் வகுப்புத் தோழி. இலங்கையில் போர் முடிந்த அந்த வசந்தத்தில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், அவருடைய சமையலறை மேசையில், இருவரும் கேஸ் இன்ரர்வியூவுக்குப் பழகினோம். ஆலோசனை நிறுவனங்கள் ஒரு வியாபாரச் சிக்கலைச் சொல்லித் தங்கள் முன்னாலேயே தீர்க்கச் சொல்லும் நேர்முகம் அது. இலாபம் ஏன் குறைகிறது, கடையை மூடலாமா என்கிற மாதிரி.

எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி. யாழ்ப்பாணத்து ரியூசனில் படித்தவர்கள். குனிந்த தலையோடு கணக்கைச் செய்து, விடையின் கீழ் கோடு போட்ட பிறகுதான் நிமிர்வோம். இந்த நேர்முகத்திலோ யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"வாயைத் திறவும், சுகந்தி" என்பேன்.

"திறந்தா பிழையும் வெளியில வருமே" என்பார். பிறகு என்னைவிட நன்றாகத் தேறிவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அவருடைய தம்பி ரஜீவன் வன்னியில் அகப்பட்டிருந்தான். அவனிடமிருந்து தொலைபேசி வருவது நின்றுவிட்டது. போர் முடிந்ததென்று செய்தி வந்த வாரத்தில்தான் சுகந்திக்கு நேர்முகம். தள்ளிப்போடச் சொன்னேன். அவர் கேஸ் ஒன்று தரச் சொன்னார். பாதியில் பேனையை வைத்துவிட்டு, அதே குரலில் வேறொன்றைத் தொடங்கினார்.

"தம்பி கடைசியா எங்கயிருந்து கதைச்சவன் எண்டு தெரியும். முகாமுக்கு வந்த ஆக்கள் அவனைக் காணேல்லை, அதுவும் தெரியும். வேற பேர் குடுத்திருக்கலாம், அது தெரியாது. ஆஸ்பத்திரியில இருக்கலாம், அதுவும் தெரியாது."

தகவல் போதாவிட்டாலும் கடைசியில் ஒரு முடிவு சொல்லியே ஆகவேண்டும் என்பது இந்த நேர்முகத்தின் விதி. பழக்கதோஷத்தில் நான் கேட்டேவிட்டேன்.

"அப்ப உம்மட முடிவு என்ன?"

"முடிவு சொல்லமாட்டன்" என்றார். "அடுத்த கேஸைத் தாரும்."

அவருக்கு அந்த வேலை கிடைத்தது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

சுகந்தி காலமான மறுநாள் மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்த கணவர் மீண்டும் அழைத்தார். "அண்ணை, ரஜீவன்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுறதோ? இவ்வளவு வருசமாச்சு. அவ ஒண்டும் சொல்லிவைக்கேல்லை."

எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அநேகமாக உங்களுக்கும் அதே கருத்துத்தான் இருக்கும்.

"போடாதேங்கோ" என்றேன்.

தெரிந்தது இது, தெரியாதது இது என்று வாய்விட்டுச் சொல்லி அங்கேயே நிற்கும் பழக்கத்தை அவரிடமிருந்து கற்று வைத்திருக்கிறேன். அறிவித்தலில் அவர் காலஞ்சென்ற பெற்றோரின் அன்பு மகள். ரஜீவனின் பாசமிகு சகோதரி.