பால் வாங்கித் தந்த கம்பளம்

மற்ற உலைகள் கக்கிய தூசியை வாங்கி, கரித்தூளோடு கலந்து, சுழலும் நீளச் சூளைக்குள் விடுவோம். அதிலிருக்கும் துத்தநாகமும் ஈயமும் ஆவியாகிக் கிளம்பி மறுபடி தூசியாகும். அதை நூற்றுக்கணக்கான துணிப்பைகளில் பிடித்து உலோகமாக்க அனுப்புவோம். தூசி போட்டுத் தூசி எடுக்கும் பிழைப்பு, இர்த்திஷ் ஆற்றங்கரையில் எங்களுடையது.

பைகளுக்கு ஒட்டுப்போடுகிறவள் குல்பார்ஷின். கிழிந்த பையை மடியில் போட்டுத் தைப்பாள். இருபது வருடமாக அவள் தையலைத் தாண்டி ஒரு துகள் வெளியே போனதில்லை. அதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

தூசியில் உழைப்பவர்களுக்கு, நஞ்சை முறிக்குமென்று, ஷிப்டுக்கு அரை லிட்டர் பால். பால் உண்டென்றால் அது கேடான வேலை. கேடான வேலையென்றால் பத்து வருடம் முன்னதாக ஓய்வு. குல்பார்ஷினுக்கு அதற்கு நான்கே மாதம் பாக்கி. அந்த நேரம் பார்த்து, எண்பத்தேழு பிப்ரவரியில், காற்றை அளக்க ஆள் வருவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். காற்று சுத்தம் என்று எழுதிவிட்டால் பாலும் போச்சு, ஓய்வும் போச்சு.

"நாலு பையில சின்னதா ஓட்டை போடுக்கா," என்றான் ஃபோர்மன் ஒராஸ்பெக். "அரை மணி நேரந்தான். அப்புறம் தச்சுக்கலாம்."

"போடா. அது துத்தநாகம்டா. ஒரு பிடி வெளிய விட்டாலும் எனக்குச் சோறு எறங்காது."

"அப்ப இன்னும் பத்து வருஷம் இங்கயே கெட."

"தூசிதானே வேணும்? எங்க வீட்டுல இல்லாத தூசியா!"

மறுநாள் காலை, கல்யாணச் சீராக வந்து வீட்டில் கட்டிலோரச் சுவரில் தொங்கிய கம்பளத்தைச் சுருட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பைகளுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் போட்டு விளாசத் தொடங்கினாள். காற்றளக்கும் பெண் மெருயெர்த் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"கம்பளம் அடிக்கிறேன்."

"அது தெரியுது. ஏன் இங்க?"

"வெளிய பனி கொட்டுதேம்மா."

எங்கள் ஊரில் கம்பளத்தைப் பனியில் போட்டுத்தான் அடிப்பார்கள். அதற்காகவே பனிக்குக் காத்திருப்பார்கள். இது மெருயெர்த்துக்குத் தெரியும். அவள் காலணியில் ஒட்டியிருந்த பனிக்கும் தெரியும். ஒராஸ்பெக் பக்கத்துக் குழாயை மிகுந்த அக்கறையோடு தட்டிப் பார்த்தான்.

மெருயெர்த் தூசி அடங்கும்வரை காத்திருந்து காற்றை அளந்தாள். பிறகு கம்பளத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தனிப் புட்டியில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. காற்று சுத்தம். கம்பளத்தில் துத்தநாகமும் ஈயமும் வரம்பைப்போல் இரண்டு மடங்கு. பையைத் தாண்டாத தூசி, அவள் மடியிலும் தலைமுடியிலும் ஏறி இருபது வருடமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கடைசி வரி: 'மேற்படி கம்பளம் உள்ள அறையில் பணிபுரிவோருக்குப் பால் அவசியம்.'

ஒராஸ்பெக் அந்த வரியை மூன்று முறை வாசித்துவிட்டுச் சுத்தியல் எடுக்கப் போனான். கம்பளம் எங்கள் பிரிவின் சுவரில் ஏறியது. ஓரத்தில் ஆலைச் சொத்துக்கான தகர எண்ணும் அடித்தார்கள்: 418. பால் நிற்கவில்லை.

ஜூனில் குல்பார்ஷின் ஓய்வு பெற்றாள். கடைசி நாள் கம்பளத்தின் ஆணியைப் பிடுங்கப் போனவளைப் பதினோரு பேர் பால் குவளையோடு மறித்தோம்.

"நீ போலாம்க்கா," என்றான் ஒராஸ்பெக். "அது போகக்கூடாது."

அவளை வீட்டில் விடப் போனது நான்தான். அவள் கணவர் தொலெகென் சுவரில் கம்பளம் இருந்த இடத்தின் வெளுத்த சதுரத்தைக் காட்டினார்.

"ஓய்வு வாங்கிட்டு வந்துட்ட. கம்பளம் எங்கடி?"

"அதுக்கு இன்னும் சர்வீஸ் முடியல."

பையிலிருந்து தன் கடைசி அரை லிட்டரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"குடிங்க. நீங்களும் அது கூடத்தானே இருபது வருஷம் படுத்துக் கெடந்தீங்க."