பெயர் போடாத துண்டுப்பிரசுரம்

போலிச் சமயக் கூட்டங்களை எப்படி அடையாளம் காண்பது என்று ஊருக்குப் பாடம் சொன்னவன் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். மாலையில் எங்கள் கோயில் பரிபாலன சபையின் செயலாளர். ஆங்கிலமும் சித்தாந்தமும் படித்தவன் என்பதால், எதையாவது எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். தேடி வரட்டும் என்று நானும் காத்திருப்பேன்.

அப்படியிருக்க ஒரு வருடம் என் தங்கை உப்புவெளியில் ஒரு கூட்டத்தில் சேர்ந்தாள். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் நடத்திய கூட்டம் அது. வெள்ளை உடுப்பு, விடியற்காலைத் தியானம், சாப்பாட்டில் வெங்காயம் உள்ளிப்பூண்டு கிடையாது, விக்கிரகமும் கிடையாது. அவரைப் 'பெரியவர்' என்று அழைத்தார்கள். முப்பது பேர் இருந்திருப்பார்கள். தங்கை திருநீறு பூசுவதை விட்டாள். கோயிலில் எங்கள் குடும்பம் எடுத்துச் செய்யும் ஒருநாள் திருவிழாவுக்கும் வரவில்லை. திருவிழாச் செய்த குடும்பத்துக்குக் கோயில் கொடுக்கும் மரியாதைத் தட்டான காளாஞ்சியை நான் வாங்கியபோது அவள் பக்கத்தில் இல்லை. ஊர் அதைப் பார்த்தது. ஊர் பார்ப்பதை நான் பார்த்தேன்.

ஆகவே எழுதினேன். 'போலிகளிடம் ஏமாறாதீர்கள்' என்று தலைப்பு. கீழே எட்டு அடையாளங்கள். தங்கையின் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி எந்தக் கூட்டத்தின் பெயரையும் போடவில்லை. அங்கேதான் பிழை விட்டேன். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கொடுத்த துண்டுப்பிரசுரம் திங்கட்கிழமை கந்தோருக்கே வந்துவிட்டது.

கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து போகும் முஸ்லிம் நண்பர் எனக்கு எதிர்மேசை. அவர் அதை நிதானமாக வாசித்தார்.

"என்ன செக்ரட்டரி, இதுல மூண்டு எங்களுக்குப் பொருந்துதே. உடுப்புல ஒழுங்கு, சாப்பாட்டுல விலக்கு, குறிச்ச நேரத்துல எல்லாரும் ஒண்டாக் குனியிற. எங்களையா சொல்றீங்க?"

"சீச்சீ, உங்களை இல்லை."

"அப்ப சரி. மிச்சத்துல ரெண்டைப் பாத்துத்தான் எனக்கும் சந்தேகம் வந்த. அது உங்களுக்குத்தான் பொருந்துது."

கத்தோலிக்க ரைப்பிஸ்ட் பெண்மணி சிரிக்கவில்லை. மனத்திலுள்ள இரகசியங்களைத் தலைவரிடம் சொல்ல வைப்பார்கள் என்று ஓர் அடையாளம் எழுதியிருந்தேன். "எங்கட பாவசங்கீர்த்தனத்தை நீங்கள் இப்பிடி எழுதியிருக்கத் தேவையில்லை," என்றார். இரண்டு வாரம் என் கடிதங்களை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அடித்துத் தந்தார்.

அன்று மாலை கோயிலுக்குப் போனால் ஐயர் வாசலிலேயே நின்றார். "காலில விழுறது, கையால தந்ததை வாங்கித் தின்னுறது எண்டெல்லாம் போட்டிருக்கிறியள். என்னில குறை எண்டால் நேர சொல்லியிருக்கலாமே, தம்பி."

அறிவுள்ளவன் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். இவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நான் முடிவுகட்டினேன்.

தங்கை அந்தக் கிழமையே வந்தாள். துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்து வைத்திருந்தாள். குசினியில் அடுப்படிக் கதிரையில் இருந்துகொண்டு அதை விரித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறியள், அண்ணா. இது என்ன? 'கூட்டத்தாரை ஊரைவிட்டுப் போக விடமாட்டார்கள்.' கோயில் கொடியேறினாப் பிறகு திருவிழா முடியுமட்டும் நீங்கள் எப்பவாவது இந்தா இருக்கிற கந்தளாய்க்குப் போனனீங்களே?"

"அது விரதம்."

"எங்கடயும் விரதம்தான்."

"உங்கட பெரியவரை ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது."

"உங்கட சபைத் தலைவரைக் கேள்வி கேட்ட மனுசனைப் போன வருசம் என்ன செய்தனீங்கள்?"

அவரைச் சபையிலிருந்து நீக்கியிருந்தோம். நீக்கியதைக் கூட்டக் குறிப்பில் எழுதியவன் நான்தான். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன்.

"கடைசி அடையாளம் மட்டும் பிழை," என்றாள். "'உறவினரிடமிருந்து பிரித்துவிடுவார்கள்.' பெரியவர் விசர்க் கேள்வியெல்லாம் கேக்கிறவர்தான். ராத்திரி என்ன கனவு கண்டனீங்கள் எண்டும் கேப்பார். ஆனால் அண்ணன் வீட்டை போகாதேங்கோ எண்டு ஒருநாளும் சொன்னதில்லை."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் கணவரை இழந்து ஆறு வருடம்.

"மூத்தவளுக்கு ஆவணியில கலியாணம். தாலி இருக்கு, ஐயர் இல்லை, அவ்வளவுதான். தகப்பனில்லாத பிள்ளை, அண்ணா. நீங்கள் வந்து முன்னுக்கு இருந்தால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம், வருவன்," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அடுத்த சபைக் கூட்டத்தில் தலைவர் என் துண்டுப்பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இப்படியான கூட்டங்களில் சேர்ந்தவர்களின் வீட்டு நன்மை தீமைக்கு நம்மவர் யாரும் போகக்கூடாது. போகிற குடும்பத்துக்குத் திருவிழாவும் இல்லை, காளாஞ்சியும் இல்லை. யாருடைய வீட்டுக் கலியாணம் வருகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன். அதோடு விட்டேனா? தீர்மானத்தில் ஒரு வசனம் சரியாக முடியவில்லை என்று அதைத் திருத்தியும் கொடுத்தேன்.

கலியாணத்தன்று காலையில் குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தேன். முகூர்த்தம் நெருங்க மனைவி வந்து பார்த்தாள்.

"போறதெண்டால் போங்கோ. இருக்கிறதெண்டால் வேட்டியை மாத்திப்போட்டு இருங்கோ. கசங்குது."

மாற்றினேன். அவளையும் போக விடவில்லை.

மறுநாள் தங்கை சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். அழுவாள் என்று பயந்திருந்தேன். அவள் அழவில்லை.

"முன்வரிசையில உங்கட கதிரையை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, அண்ணா. தாலி கட்டுற நேரம்தான் உங்கட தலைவர் வந்து அதில இருந்தவர்."

"ஆர்?"

"தலைவர்தான். 'தீர்மானம் தீர்மானம்தான், பிள்ளை எங்கட பிள்ளையெல்லோ' எண்டவர். பாயாசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சவர்."

அவள் கேரியரை மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். "சாப்பிடுங்கோ. உள்ளி போடேல்லை, எண்டாலும் ருசிதான்."

உப்புவெளிக் கூட்டம் சில வருடங்களில் கலைந்தது. பெரியவர் மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். வெள்ளை உடுத்தவர்களில் பாதிப்பேர் திரும்பிக் கோயிலுக்கு வந்தார்கள். நானே பெயர் பதிந்தேன். பெரிய சமயத்துக்கும் சின்னக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், படித்தவன் என்ற மரியாதையில். பெரிய சமயத்தில் பின்கதவுகள் அதிகம் என்று சொல்வேன். எல்லோரும் அதால் போய்வருவார்கள், யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். தலைவருக்கு அது தெரிந்திருந்தது. எங்கள் கோயிலை முப்பது பேரின் கூட்டமாக நினைத்து நடந்தவன் நான் ஒருவன்தான்.

தங்கை இப்போது இல்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பகிடி பண்ணியிருப்பாள்; அதற்கும் பயந்தேன்.

அன்று அவள் போனபின் கேரியரைத் திறந்தேன். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, அடித்தட்டில் பாயாசம். பசித்தது. எழும்பிப்போய்த் தெருப்பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் சாப்பிட்டேன்.